எங்கே என்று கேட்காத வீடு

"நாற்காலி உங்களோடதுதானே?"

"ஆமா சார்."

"இந்த நீலத் தொட்டி?"

"அதுவும் என்னோடதுதான். ஒரு பக்கம் கைப்பிடி இல்ல பாருங்க. எங்க தீபிகா கீழ போட்டு உடைச்சது."

"காலண்டர்?"

"நெல்லிக்குப்பத்துல ஒரு மளிகைக்கடையில குடுத்தது. எல்லாமே என் லேப்தான் சார். இதைக் கேக்கவா கூப்பிட்டீங்க?"

"ஜன்னலப் பாருங்க மேடம்."

வினோதினி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். அவளுடைய ஆய்வகத்து ஜன்னலுக்கு வெளியே ஒரு புங்க மரம் உண்டு. கம்பிக்குள் கிளையை விட்டுக் கோடையெல்லாம் மேசைமேல் பூவைக் கொட்டும். படத்தில் அந்த மரம் இல்லை. மரம் இருக்க வேண்டிய இடத்தில், சுவரா வானமா என்று சொல்ல முடியாத ஒரு வெளுப்பு இருந்தது.

"எங்க எடுத்த படம் இது?"

பதில் அவளுக்குத் தெரியும்.

கேட்டவர் இளவரசு. பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி அலுவலகத்தில் அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்தால் மூத்த பேராசிரியர்களுக்கே கொஞ்சம் உதறும். மனிதர் மோசமில்லை. அதட்ட மாட்டார். கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அதுதான் தாங்க முடியாது.

"அந்த வெளிநாட்டு இன்ஸ்டிடியூட் வெப்சைட்டுல இருந்து எடுத்தேன். கீழ படிங்க."

கீழே ஆங்கிலத்தில் அவள் பெயர் இருந்தது. பெயருக்கு அடியில், முழுநேர முதன்மை ஆய்வாளர் என்று இருந்தது.

"நான் இங்கதான சார் முழுநேரம்."

"அதைத்தான் நானும் கேக்கறேன். ஒரு ஆளு ரெண்டு இடத்துல முழுநேரமா இருக்க முடியுமா?"

"அது சும்மா கௌரவப் பதவி சார். வெளிநாட்டு ஆராய்ச்சியாளருங்கள கூப்பிட்டு மரியாதை பண்ற திட்டம்னு சொன்னாங்க. சம்பளம்கூட கெடையாது. போன வருசம் கோடை லீவுல போயிட்டு வந்தேன், அவ்வளவுதான்."

"சம்பளம் இல்லாட்டியும் சொல்லணும். லீவுல போனாலும் சொல்லணும். உங்க ப்ராஜெக்ட் அரசாங்கப் பணத்துல நடக்குது. வெளிநாட்டுல ஒரு பதவி, ஒரு ரூம், ஒரு கையெழுத்து, எதுவா இருந்தாலும் எங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்யணும். போகாதீங்கன்னு யாரும் சொல்லல மேடம். சொல்லாம போகாதீங்கன்னு சொல்றோம்." கண்ணாடியைக் கழற்றினார். "வெளிய யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு அந்த ஒப்பந்தத்துல ஒரு வரி இருந்திருக்குமே?"

"இருந்தது."

"அந்த வரியப் படிச்சதும் இங்க ஓடி வந்திருக்கணும். ஏன் வரல?"

ஏன் வரவில்லை? கடலூர்ப் பக்கம் சோனாங்குப்பத்தில் பிறந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. கடலுக்கு இறங்குகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் அன்றைய பாடு கெட்டது; ஒரு மீன் ஒட்டாது. கேட்கப்பட்டவன் பேசாமல் திரும்பி வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட வேண்டும். பெண்டாட்டி கேட்டாலும் அப்படித்தான், பெற்ற குழந்தை கேட்டாலும் அப்படித்தான். வினோதினி வளர்ந்த வீட்டில் பள்ளிக்கூடம் போகிறவளையும் எங்கே என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. சிதம்பரத்துக்குப் படிக்க வந்த புதிதில், விடுதிக் காவலாளி "எங்கம்மா கெளம்பிட்ட?" என்று கேட்கும்போதெல்லாம் திரும்பி அறைக்குப் போய்விடுவாள். எத்தனையோ சினிமா அப்படிப் போயிற்று. பிறகு படித்து, பட்டம் வாங்கி, பேராசிரியராகி, அதெல்லாம் வெறும் நம்பிக்கை என்று வகுப்பில் சிரித்துப் பேசவும் செய்தாள். ஆனால் அந்த அழைப்பு வந்த அன்று உடம்பு பழையபடி வாயை மூடிக்கொண்டது. கிளம்பும்போது சொன்னால் காரியம் கெடும். ஒப்பந்தமும் அதையே சொன்னது. அந்த வரியைப் படித்தபோது அவளுக்குப் பயம் வரவில்லை. அவர்களும் தன் ஊர்க்காரர்கள்போல் இருக்கிறார்களே என்று தோன்றியது.

"மறந்துட்டேன் சார்," என்றாள்.

இளவரசு நம்பவில்லை. ஆனாலும் தலையாட்டினார். "வெள்ளிக்கிழமை மத்தியானம் கமிட்டி கூடுது. அதுக்கு முன்னாடி நீங்களா எல்லாத்தையும் எழுதி அனுப்பிட்டா உங்க வேலைக்கு நான் ஜவாப்தாரி. நாங்க கண்டுபிடிச்சதா ஆயிடுச்சுன்னா, வேலை போயிடும் மேடம். அந்தப் பொண்ணு தீபிகாவோட பிஎச்டியும் அந்தரத்துல நிக்கும். லேப்ல எதையும் கழட்டாதீங்க. இருக்கறது இருக்கறபடியே இருக்கட்டும்."

வெளியே வந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. நடந்துகொண்டே அவள் படத்தில் இருந்த அந்த அறையை நினைத்தாள்.

அவள் ஆராய்ச்சி கடற்பஞ்சு பற்றியது. கடலுக்கடியில் பாறைத்திட்டில் ஒட்டிக்கொண்டு வளரும் உயிர் அது. அதற்குள் குடியிருக்கும் ஒரு நுண்ணுயிர், ஆறாத புண்ணை ஆற்றும் மருந்தாகலாம் என்று அவள் கண்டிருந்தாள். அதற்காகத்தான் அழைத்தார்கள். பேச்சுவாக்கில், பிறர் இடத்தில் எனக்கு வேலை ஓடாது, என் அறை வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். உங்கள் அறையைக் காட்டுங்கள் என்றார்கள். கைபேசியில் படம் பிடித்து அனுப்பினாள். அந்தக் குளிர் ஊரில் இறங்கி, அவர்கள் திறந்துவிட்ட கதவுக்குள் போனால், சிதம்பரம் இருந்தது. அதே நாற்காலி, திரும்பினால் அதே கிறீச். தொட்டியின் உட்புறம் உப்புக் கறைகூட அதே உயரத்தில் படிந்திருந்தது. விருந்தாளிக்கு எவ்வளவு மரியாதை என்று அவள் நெகிழ்ந்துதான் போனாள். ராத்திரி படுக்கும்போதுதான், அந்தக் கறை படிய வருஷக்கணக்கில் உப்புத்தண்ணீர் நிற்க வேண்டுமே என்று நினைத்தாள். நினைப்பை அப்படியே விட்டுவிட்டாள்.

ஊர் திரும்பிய பிறகு, கூட்டு ஆய்வுக்கு வசதியாக இருக்கும் என்று ஒரு கேமராவும் திரையும் அனுப்பினார்கள். கேமரா இவள் அறையைப் பார்க்கும். திரையில் அந்த அறை தெரியும். அங்கே ஒருத்தி உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருப்பாள். எப்போதும் முதுகுதான். நீளப் பின்னல், வெள்ளைக் கோட்டு. அவள் யார் என்று ஒருமுறை கேட்டதற்கு, உங்கள் பணி தடைபடாமல் இருக்க ஓர் ஏற்பாடு என்று பதில் எழுதினார்கள். நாளாக நாளாக, சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்க்கப் பழகிவிட்டது.

மாடிப்படி ஏறும்போது வினோதினி ஒன்று முடிவு செய்தாள். கழற்றாதீர்கள் என்று இளவரசு சொன்னாலும், அந்த மளிகைக்கடைக் காலண்டரை மட்டுமாவது கழற்றிவிட வேண்டும். இது இந்த வருஷத்துக் காலண்டர். அவள் போய்வந்த பிறகு மாட்டியது. அதை அவள் யாருக்கும் அனுப்பவில்லை. படத்தில் அதைப் பார்த்ததுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

உள்ளே நுழைந்ததும் தீபிகா நிமிர்ந்தாள். மங்கலம்பேட்டைப் பெண், வாய் சும்மா இருக்காது. "வாங்க மேம். அலுவலகத்துல டீயாவது குடுத்தாங்களா, இல்ல வெறும் திட்டா?"

"வெறும் கேள்வி."

"அது திட்டைவிட மோசமாச்சே. மேம், அந்தக்கா இப்பதான் காலண்டரக் கழட்டினாங்க. நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

வினோதினி திரையைப் பார்த்தாள். அங்கே சுவரில் ஆணி மட்டும் இருந்தது. முதுகு குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தது. இங்கே, அவள் தலைக்கு மேல், காலண்டர் மின்விசிறிக் காற்றில் படபடத்தது.

"என்ன மேம்?"

"ஒண்ணுமில்ல. நீ யார்கிட்டயாவது காலண்டரப் பத்திப் பேசினியா?"

"காலண்டரப் பத்திப் பேச என்னா இருக்கு?" தீபிகா கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினாள். "மேம், திட்டாதீங்க. அந்தத் தொட்டி உடைஞ்சுது இல்ல, அதுக்கு முந்தின நாளே அங்க கைப்பிடி உடைஞ்சிருந்தது. நான் பாத்தேன். பாத்துட்டு, பயந்துகிட்டே இதைத் தூக்கினேன். அதான் கை நழுவிடுச்சு. சொன்னா, போட்டு உடைச்சிட்டு சாக்கு சொல்றான்னு சொல்வீங்க."

"சொல்லித்தான் இருப்பேன்."

"அதான் சொல்லல."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது, ஏனென்றால் திரையில் அந்த முதுகும் லேசாகக் குலுங்கியது.

வினோதினி காலண்டரைத் தொடவில்லை. இப்போது கழற்றினால், அங்கே நடந்ததைப் பார்த்து இங்கே செய்ததாக ஆகிவிடும். யார் யாரைப் பார்த்துச் செய்கிறார்கள் என்ற கணக்கு அந்த நிமிஷத்தோடு அவளுக்குக் குழம்பிப்போயிற்று.

மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கடலூர் பஸ் ஏறினாள். முதுநகரில் இறங்கி, பாலம் தாண்டி, சோனாங்குப்பத்துக்குப் போனபோது அண்ணன் காத்தவராயன் கரையில் பைபர் போட்டின் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"புரொபசர் அம்மா வர்றாங்க. ஐஸ் பொட்டியக் கவுத்துப் போடுங்கடா, சேர் வேணும்," என்றான் யாருமில்லாத கரையைப் பார்த்து.

"நக்கலா?"

"பின்ன என்னா பாப்பா. நேத்து நீ பண்ணதுக்கு நான் உன்கூடப் பேசவே கூடாது."

"நேத்து நான் என்னா பண்ணேன்?"

காத்தவராயன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "பார்ல உன்னப் பாத்துக் கைய ஆட்டினேன். அந்தப் பக்கமே திரும்பல. வெள்ளக்காரப் போட்டு கெடச்சதும் அண்ணன் போட்டு கண்ணுக்குத் தெரியல போல."

பார் என்றால் அந்தப் பாறைத்திட்டுத்தான். லைட்ஹவுசையும் பழைய தண்ணீர்த் தொட்டியையும் ஒரே நேராக வைத்துக் கொண்டுபோய், இன்னோர் அடையாளமும் ஒத்து வந்தால் அது வரும். அந்த இன்னோர் அடையாளத்தை அவர்களுடைய அப்பா, காத்தவராயனுக்கு மட்டும்தான் சொல்லியிருந்தார். கடற்பஞ்சு அங்கிருந்துதான் வருகிறது. வினோதினி தன் ஆராய்ச்சிக் கட்டுரையில்கூட கடலூர்க் கடல் என்று மட்டும்தான் போட்டிருந்தாள்.

"நான் நேத்து சிதம்பரத்துல இருந்தேண்ணே."

"வெளையாடாத."

"சத்தியமா."

அலை வந்து எஞ்சின் துண்டுகளைத் தொடாமல் திரும்பியது. காத்தவராயன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "உன் பின்னல் பாப்பா. சின்னப்புள்ளையில நான் புடிச்சு இழுத்த பின்னலு எனக்குத் தெரியாதா? வெள்ளைக் கோட்டு போட்டிருந்த. முதுகு இந்தப் பக்கம். போட்டுல வேற ஆளு யாரும் இருந்த மாதிரியே தெரியல. எஞ்சின் சத்தமும் இல்ல. அப்படியே நின்னுது."

"கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமில்ல?"

"என்னான்னு கேக்கறது? கடல்ல நிக்கறவள எங்க போறன்னு கேக்க முடியுமா? கேட்டா நீ திரும்பி வீட்டுக்கு வரணும். ஏதோ ஆராய்ச்சி வேலையா வந்திருக்க, அது எதுக்குக் கெடணும்னு நான்பாட்டுக்கு வந்துட்டேன்."

வினோதினிக்கு, போன மாசம் ஆய்வகத்தில் உட்கார்ந்து அண்ணனோடு போனில் பேசியது ஞாபகம் வந்தது. அவன் கத்திக் கத்திப் பேசுவான், ஸ்பீக்கர் தேவையே இல்லை. மூன்றாவது அடையாளத்தை அன்றுதான், நீயும் தெரிஞ்சு வச்சிக்க என்று, முதல்முறையாக அவளுக்குச் சொன்னான். மேசைமேல் கேமரா இருந்தது. கேமராவுக்குக் காதும் உண்டு. தன் வேலை, தன் அறை, அண்ணன் உயிரைக் கொடுத்து மறைத்து வைத்த இடம், எல்லாவற்றையும் எங்கோ இருப்பவர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறாள். அடுத்த கட்டடத்தில் உட்கார்ந்து கேட்கிற மனிதரிடம் மட்டும் மறந்துட்டேன் சார் என்றிருக்கிறாள்.

"சோறு தின்னுட்டுப் போ," என்றான் காத்தவராயன். "உங்கண்ணி புஷ்பா சங்கரா மீனு வறுத்திருக்கா. உன் மூஞ்சே சரியில்ல."

சாப்பிட்டாள். வாசலில் இறங்கும்போது வழக்கம்போல் யாரும் எங்கே என்று கேட்கவில்லை. அன்றைக்கு மட்டும் யாராவது கேட்டுவிட்டால் தேவலை என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை தீபிகாவைப் பரங்கிப்பேட்டைக்குக் கடல் தண்ணீர் எடுக்க அனுப்பிவிட்டு, வினோதினி கதவைச் சாத்திக்கொண்டு, கணினியில் ஆராய்ச்சி அலுவலகத்தின் படிவத்தைத் திறந்துவைத்து உட்கார்ந்தாள். புங்க மரம் அசையவில்லை. அந்த அறையைக் காட்டும் திரையை வேண்டுமென்றே பார்க்காமல் எழுதினாள். திட்டத்தின் பெயர், நிறுவனத்தின் பெயர், எப்போது போனாள், என்ன கையெழுத்துப் போட்டாள், அறை எப்படி இருந்தது, கேமரா எப்படி வந்தது. பாறைத்திட்டைப் பற்றியும் எழுதினாள். எழுத எழுத, நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியது. சொல்வது இவ்வளவு சுலபமா என்று இருந்தது. இளவரசு கேட்காவிட்டால் இதை எத்தனை வருஷம் சுமந்திருப்போம் என்று நினைத்து, அந்த மனிதர்மேல் முதல்முறையாக ஒரு பிரியம்கூட வந்தது.

கடைசிக்கு முந்தின கேள்வி: அங்கே உங்கள் பெயரில் வேறு எவரேனும் பணிபுரிகிறார்களா?

ஆம் என்று அடித்தாள். பெயர் என்று அடுத்த கட்டம் கேட்டது. விரல் நின்றது. அப்போதுதான் திரையைப் பார்த்தாள்.

காலண்டர் திரும்ப ஆணியில் தொங்கியது. முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கைகள் மடியில். எந்த வேலையும் செய்யாமல் அவளை வினோதினி பார்த்ததே இல்லை.

"நான் எல்லாவற்றையும் எழுதுகிறேன்," என்றாள் வினோதினி, என்ன நினைத்தாளோ, ஆங்கிலத்தில். "இது உனக்குத் தெரிய வேண்டும் என்று சொல்கிறேன்."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அந்த மணி இந்த ஜன்னலில் கேட்டு முடிந்த பிறகு, ஒரு மூச்சு தாமதித்து, திரைக்குள்ளும் கேட்டது.

"தெரியும்க்கா."

தமிழ். சிதம்பரத்துத் தமிழ்கூட இல்லை, சோனாங்குப்பத்துத் தமிழ். காத்தவராயன் போனில் கத்துகிற இழுப்பு அப்படியே இருந்தது. குரல்தான் தாழ்ந்து, ரொம்ப நாள் பேசாதிருந்த தொண்டையிலிருந்து வருவதுபோல் வந்தது.

"அனுப்பிட்டா இந்த ரூமக் கலைச்சிருவாங்க. நாற்காலி, தொட்டி எல்லாத்தையும் எடுத்துக்கினு போயிருவாங்க. பரவால்ல. உங்களோடதுதான அது."

"உன் பேரு என்னா?" என்றாள் வினோதினி.

"அத இங்க யாரும் கேக்கல." முதுகு லேசாகக் குனிந்தது. "நானும் உங்கள மாதிரிதான், யார்கிட்டயும் சொல்லாம கெளம்பிட்டேன். கெளம்பி ரொம்ப நாளாச்சுக்கா. எதுக்குக் கெளம்பினேன்னே மறந்துபோச்சு."

அனுப்பு என்ற பொத்தான் நீலமாக மின்னிக்கொண்டிருந்தது. பெயருக்கான கட்டம் காலியாக இருந்தது. கமிட்டி கூடுவதற்கு இன்னும் கொஞ்ச நேரம்தான்.

"உங்க ஊர்ல ஒரு வழக்கம் இருக்கில்ல. நீங்களும் அண்ணனும் பேசிக்கினு இருந்தப்ப கேட்டேன். கெளம்பினவங்கள எங்க போறன்னு யாராவது கேட்டுட்டா, போற காரியத்த அப்படியே விட்டுட்டுத் திரும்பி வீட்டுக்கு வந்துரணும். அதுக்காகத்தான் அன்னிக்குப் பார்ல நின்னேன். அண்ணன் கேப்பாருன்னு நெனச்சேன். கைய மட்டும் ஆட்டிட்டுப் போயிட்டாரு."

எந்த வீட்டுக்கு, என்று கேட்க வினோதினி வாயெடுத்தாள். கேட்கவில்லை. நாற்காலி கிறீச்சிட்டது. வினோதினி அசையவே இல்லை. ஆனால் சத்தம் அவளுக்கு அடியிலிருந்து வந்தது. திரையில் பின்னல் ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மெல்ல நகர்ந்தது. முகத்தின் ஓரம், காதும் கன்னத்து எலும்பும், வெளிச்சத்துக்கு வர ஆரம்பித்தது.

"அனுப்பறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவக்கா. எங்க போறன்னு என்னக் கேளுங்க."